அனுப்பினோமா, அனுப்புகிறோமா? – கடைக்காரருக்கு ஆங்கிலக் காலங்கள்



துவரம்பருப்புக்கு குல்பர்காவையும் (இப்போது கலபுரகி என்கிறார்கள்), சீரகத்துக்கு குஜராத்தின் உஞ்சாவையும், மிளகாய் வற்றலுக்கு குண்டூரையும் நம்பித் தொழில் செய்கிறவர்கள் நாம். அங்கிருக்கும் மில்காரருக்கும் கமிஷன் ஏஜெண்டுக்கும் தமிழ் தெரியாது. நமக்குக் கன்னடமும் குஜராத்தியும் தெரியாது. பேச்சு என்றால் அரைகுறை இந்தியில் சமாளித்துவிடலாம். எழுத்து என்று வரும்போது இரு தரப்புக்கும் நடுவில் நிற்பது ஆங்கிலம்தான். முன்பு இன்லண்டு லெட்டரிலும் தந்தியிலும் எழுதினோம். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. இப்போது வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும் எழுதுகிறோம். எழுதும் இடம்தான் மாறியிருக்கிறது, செய்கிற பிழை அப்படியே இருக்கிறது.

ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் பன்னிரண்டு காலங்கள் என்று அட்டவணை போட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். கடைக்குப் பன்னிரண்டும் வேண்டியதில்லை. நான்கைந்து போதும். ஆனால் அந்த நான்கைந்தில் தவறு வந்தால் மதிப்பெண்ணோடு போகாது, பணமாகப் போகும். அதனால்தான் இந்தப் பாடத்தைக் கடைப் பாஷையிலேயே எழுதுகிறோம். ஆங்கில வாசகங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கல்லாவில் உட்கார்ந்தபடி வாய்விட்டுப் படித்தால் காது பழகும்.

முதலில் எங்கள் தவறு

1985-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய மாதம். மதுரை கீழமாசி வீதியில் எங்கள் தகப்பனார் பருப்பு மொத்த வியாபாரம் நடத்தி வந்தார். பழைய கணக்குப்பிள்ளை உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டார். வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தது நாங்கள்தான் என்பதால் வெளியூர்க் கடிதம் எழுதும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

குல்பர்கா பக்கத்து மில் ஒன்றில் 50 மூட்டை துவரம்பருப்பு விலை பேசி முடித்திருந்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா சொன்னார்: "திங்கக்கிழமை டிராஃப்ட் அனுப்புறோம், சரக்கை ஒதுக்கி வைக்கச் சொல்லி எழுதுப்பா." நாங்களும் எழுதினோம்: "வீ சென்ட் தி டிராஃப்ட் ஆன் மண்டே." எழுதி, மடித்து, அன்றைக்கே தபாலில் போட்டோம். ஆங்கிலத்தில் எழுதிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மில்காரர் கையில் அந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அவர் அதை எப்படிப் படித்தார்? 'திங்கட்கிழமை டிராஃப்ட் அனுப்பினோம்' என்று. கடிதத்தின் தேதியோ சனிக்கிழமை. அப்படியானால் அதற்கு முந்தைய திங்கட்கிழமையே டிராஃப்ட் புறப்பட்டிருக்க வேண்டும். எட்டு நாள் ஆகியும் வரவில்லை என்றால் அனுப்பவே இல்லை என்றுதானே பொருள்? எங்கள் டிராஃப்ட் நாங்கள் நினைத்தபடி அந்த வாரத் திங்களன்று பதிவுத் தபாலில் போய், வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. அதற்குள் 50 மூட்டையும் வேறு பார்ட்டிக்கு லாரி ஏறிவிட்டது. அடுத்த லாட்டு குவிண்டாலுக்கு 30 ரூபாய் கூடுதல். குவிண்டால் மூட்டை ஐம்பதுக்கு 1,500 ரூபாய் கையைவிட்டுப் போயிற்று.

தரகர் டிரங்க் காலில் சொன்னதுதான் அப்பாவுக்கு வலித்தது. 'போடாத டிராஃப்டைப் போட்டதாக எழுதுகிற பார்ட்டி' என்று மில்லில் பேசினார்களாம். அதற்குப் பின் இரண்டு வருடம், டிராஃப்ட் கையில் வந்த பிறகே அந்த மில்லில் எங்களுக்கு லாரி பிடித்தார்கள். மற்றவர்களுக்கு பதினைந்து நாள் கடனில் சரக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு எழுத்துத்தான் தவறு. அனுப்பு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து, டாக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்து. அனுப்பினோம் என்பதன் கடைசி எழுத்து, டிக்கெட் என்ற சொல்லின் முதல் எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ட'தான். நம் காதுக்கு வேறுபாடு தெரியாது. லெண்டு–லென்ட், ஸ்பெண்டு–ஸ்பென்ட் எல்லாம் இதே கதைதான். இனி இந்தக் கட்டுரையில் அனுப்பு என்பதை 'செண்டு' என்றும், அனுப்பினோம் என்பதை 'சென்ட்' என்றும் எழுதுகிறோம்.

அந்த எழுத்தைச் சரியாகப் போட்டிருந்தாலும் நாங்கள் தப்பியிருக்க மாட்டோம் என்பது பிற்பாடுதான் விளங்கியது. 'திங்கட்கிழமை அனுப்புகிறோம்' என்பது தமிழில் நிகழ்கால உருவம், எதிர்காலப் பொருள். நாம் தினமும் இப்படித்தான் பேசுகிறோம். வீட்டை விட்டுப் புறப்படும்போது 'வருகிறேன்' என்கிறோம். நாளைக்குத் தருகிறேன், அடுத்த வாரம் பார்க்கிறேன் என்கிறோம். கேட்கிறவருக்குக் குழப்பமில்லை. அதை அப்படியே 'வீ செண்டு ஆன் மண்டே' என்று ஆங்கிலத்தில் வைத்தால் காலம் தொங்கிக்கொண்டு நிற்கும். நடக்கப்போகிற காரியத்துக்கு ஆங்கிலத்தில் 'வில்' என்ற சிறு சொல் முன்னால் வரட்டும்: "வீ வில் செண்டு தி டிராஃப்ட் ஆன் மண்டே." அந்த ஒரு சொல்லை அன்றைக்குப் போட்டிருந்தால், கடைசி எழுத்துப் பிழையாக இருந்தாலும் மில்காரருக்கு விஷயம் புரிந்திருக்கும்.

கல்லாவிலேயே இருக்கிற பாடம்

காலங்களைப் படிக்கப் புதுப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. கல்லாவைத் திறந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுங்கள். ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்துக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது? "ஐ ப்ராமிஸ் டு பே தி பேரர் தி சம் ஆஃப் ஒன் ஹண்ட்ரட் ருபீஸ்." பணம் கொடுப்பது பிறகு, ஆனால் வாக்குக் கொடுப்பது இப்போது. அதனால் 'ப்ராமிஸ்' என்று நிகழ்காலம். (ஒரு ரூபாய் நோட்டில் இந்த வாசகம் இருக்காது. அது மத்திய அரசு வெளியிடுவது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடுவது.) நாம் எழுதி வாங்கும் புரோநோட்டும் இதே நடைதான். சொல்வதே செயலாகிவிடும் வினைகள் இவை: ப்ராமிஸ், அக்ரீ, அக்செப்ட், கன்ஃபர்ம், டிக்ளேர். கம்ப்யூட்டர் பில்லின் அடியில் 'வீ டிக்ளேர்' என்று அச்சாகிறதே, அதுவும் இந்த வகை. ஆகவே 'வீ அக்செப்ட் யுவர் ரேட்' என்று எழுதினால், எழுதிய கணமே விலை முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். தமிழில் 'ஒத்துக்கொள்கிறோம், பார்ப்போம்' என்று இழுக்கிற இழுப்பு அதில் கிடையாது. இன்னும் யோசிக்கிறோம் என்றால் 'வீ ஆர் கன்சிடரிங் யுவர் ரேட்' என்று எழுதுங்கள்.

ரசீதுப் புத்தகத்தில் 'ரிசீவ்டு வித் தேங்க்ஸ்' என்று இருக்கும். வாங்கியாயிற்று, இறந்தகாலம். 'பெய்டு' சீல், 'பேக்டு ஆன்' தேதி எல்லாம் முடிந்துபோன காரியத்தைச் சொல்பவை. பில்லின் அடியில் பலர் அச்சடித்திருக்கிற 'குட்ஸ் ஒன்ஸ் சோல்டு வில் நாட் பி டேக்கன் பேக்' என்பதில் முடிந்ததும் வருவதும் இரண்டுமே இருக்கின்றன: 'சோல்டு' நடந்தது, 'வில்' நடக்கப்போவது. இலக்கணம் சரிதான். சட்டம்தான் அதற்கு இடம் தரவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். அடுத்த முறை பில் புத்தகம் அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

'ஹேவ்' என்கிற இடம்

நம்மவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று போவோம்.

தமிழில் 'அனுப்பினோம்' என்றும் சொல்கிறோம், 'அனுப்பியிருக்கிறோம்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? அனுப்பினோம் என்றால் காரியம் முடிந்தது, அவ்வளவுதான். அனுப்பியிருக்கிறோம் என்றால் முடிந்த காரியம் இப்போதும் நம் பேச்சில் நிற்கிறது: சரக்கு வந்துகொண்டிருக்கிறது, பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. அந்த 'இருக்கிறோம்' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் 'ஹேவ்' செய்கிறது. "வீ ஹேவ் சென்ட் 50 பேக்ஸ்" என்றால் 50 மூட்டை அனுப்பியிருக்கிறோம். ஒருவர் அல்லது ஒரு பொருள் என்றால் 'ஹேஸ்': "தி லாரி ஹேஸ் ரீச்டு", லாரி வந்து சேர்ந்திருக்கிறது. ஆக, வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'இருக்கிறது' என்று முடிந்தால் ஹேவ் அல்லது ஹேஸ்.

இந்தக் குறுக்கு வழியில் ஒரு பள்ளம் உண்டு. தமிழில் 'நேற்று அனுப்பியிருக்கிறோம்' என்று தேதியையும் சேர்த்துச் சொல்லலாம், யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 12-ஆம் தேதி என்று முடிந்துபோன நேரம் ஒன்று வாக்கியத்தில் வந்துவிட்டால் ஹேவ் ஓடிப்போய்விட வேண்டும். 'வீ ஹேவ் சென்ட் எஸ்டர்டே' தவறு. 'வீ சென்ட் இட் எஸ்டர்டே' சரி. தேதி சொல்கிறீர்களா, வெறும் இறந்தகாலம். தேதி சொல்லவில்லையா, ஹேவ். பாக்கிக் கடிதம் எழுதும்போது இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம்: "வீ ஹேவ் பெய்டு யுவர் ஜூன் பில். வீ பெய்டு இட் ஆன் தி டென்த் பை ஆர்.டி.ஜி.எஸ்."

ஹேவ் வந்தால் பின்னால் வினையின் மூன்றாம் உருவம் வர வேண்டும். பல வினைகளில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான்: செண்டு–சென்ட்–சென்ட், பே–பெய்டு–பெய்டு, பை–பாட்–பாட், செல்–சோல்டு–சோல்டு. சிலவற்றில் மாறும்: டேக்–டுக்–டேக்கன், கிவ்–கேவ்–கிவன், ரைட்–ரோட்–ரிட்டன், ரைஸ்–ரோஸ்–ரிசன், ஃபால்–ஃபெல்–ஃபாலன். 'கம்' என்பதற்கு கேம், பிறகு மறுபடி கம். விலையைச் சொல்கிற 'காஸ்ட்' மூன்றிலும் காஸ்ட்டேதான். நம் தொழிலுக்கு இப்படி இருபது வினை இருந்தால் அதிகம். ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப் பக்கம் ஒட்டிவிடுங்கள்.

மார்க்கெட் நிலவரம் படிக்கும்போது இதன் அருமை தெரியும். தரகரிடமிருந்து மூன்று விதமான செய்தி வரலாம். 'தி ரேட் ரோஸ்' என்றால் விலை ஏறியது. எப்போதோ ஏறியது, இப்போது என்ன நிலவரம் என்பது அதில் இல்லை. மறுபடி இறங்கியும் இருக்கலாம். 'தி ரேட் ஹேஸ் ரிசன்' என்றால் ஏறியிருக்கிறது, ஏறிய இடத்திலேயே நிற்கிறது. 'தி ரேட் இஸ் ரைசிங்' என்றால் ஏறிக்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை. முதல் செய்தியைப் படித்தவர் போனைப் போட்டு இன்றைய விலை கேட்க வேண்டும். இரண்டாவதைப் படித்தவர் கைச் சரக்கைக் கணக்குப் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் படித்தவருக்கு யோசிக்க நேரமில்லை. தரகருக்கும் இலக்கணம் தகராறாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய சரக்கு என்றால் செய்தியோடு நிற்காமல் வாயால் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

'வரவில்லை' என்ற சொல்

தமிழ் எதிர்மறையில் காலம் ஒளிந்துகொள்ளும் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? 'வந்தது, வருகிறது' என்று உடன்பாட்டில் வேறுவேறாக இருப்பவை, 'வரவில்லை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'சரக்கு வரவில்லை' என்றால் இன்னும் வந்து சேரவில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். அன்றைக்கு வரவில்லை, அந்த விவகாரம் முடிந்தது என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறுவேறு வாசகம். "தி குட்ஸ் ஹேவ் நாட் கம்" என்றால் இன்னும் காத்திருக்கிறோம். "தி குட்ஸ் டிட் நாட் கம்" என்றால் வரவே இல்லை.

லாரி இரண்டு நாள் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டிட் நாட் கம்' என்று எழுதினால், சரக்குத் தொலைந்தது என்று மில்காரர் டிரான்ஸ்போர்ட்காரரிடம் சண்டைக்குப் போவார். அல்லது நாம் ஆர்டரை முறித்துக்கொள்ளப் பார்க்கிறோம் என்று நினைப்பார். பின்னால் 'எட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லையும் சேர்த்து "தி குட்ஸ் ஹேவ் நாட் கம் எட்" என்று எழுதிவிட்டால், இன்னும் வரவில்லை என்பது ஐயமின்றி விளங்கும். உச்சரிப்பு 'யெட்' என்று வர வேண்டும். எட்டு என்று படித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 'டிட்' வந்தால் வினை முதல் உருவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். 'வீ டிட் நாட் ரிசீவ்டு' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். இறந்தகாலத்தை டிட் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது, வினையும் சுமக்க வேண்டாம். 'வீ டிட் நாட் ரிசீவ்' போதும்.

கையெழுத்துப் போடும் இடங்கள்

லாரி வந்து நிற்கிறது. டிரைவர் அவசரப்படுத்துகிறார். லாரி ரசீதின் டெலிவரி நகலில் 'ரிசீவ்டு இன் குட் கண்டிஷன்' என்று அச்சாகியிருக்கும் இடத்தில் பையன் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். மூட்டை ஒன்றுகூட இறங்கவில்லை! 'ரிசீவ்டு' என்பது முடிந்த காரியம். எண்ணி, பார்த்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம். பிறகு ஏழு மூட்டை மழையில் நனைந்திருந்தது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இறக்கி எண்ணிய பிறகு, அச்சு வாசகத்தை அடித்துவிட்டு, "ரிசீவ்டு 100 பேக்ஸ், 7 பேக்ஸ் வெட்" என்று கையால் எழுதிக் கையெழுத்திடப் பையனைப் பழக்குங்கள். நஷ்டம் பற்றி டிரான்ஸ்போர்ட்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் கெடு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் அந்த நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இல்லையேல் வழக்குப் போட முடியாது.

பாக்கிக் கடிதத்திலும் காலம் பேசும். விற்ற சரக்கின் பணத்துக்கு மூன்று வருடக் காலாவதி என்பது நமக்குத் தெரியும். அதற்குள் கடன்காரர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாகக் காலம் ஓடத் தொடங்கும். அந்த ஒப்புதல், இன்றைக்கு இருக்கிற கடனைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1961-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. இங்கே ஒரு சிறு சொல்லின் வேலையைப் பாருங்கள். 'ருபீஸ் 40,000 இஸ் ட்யூ டு யூ' என்றால், இன்றைக்கு 40,000 தர வேண்டியிருக்கிறது. 'ருபீஸ் 40,000 வாஸ் ட்யூ' என்றால், ஒரு காலத்தில் தர வேண்டியிருந்தது. கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்றுகூட வாதாடலாம். வருட முடிவில் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கும் மொத்த வியாபாரிகள், திரும்பி வருகிற காகிதத்தில் கையெழுத்தை மட்டும் பார்க்காமல் இஸ் இருக்கிறதா, வாஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொகை பெரிது என்றால் வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்திலும் இதே நுட்பம் உண்டு. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், சரக்கின் உரிமை இப்போதே கைமாறினால் அது விற்பனை, பின்னால் மாறப்போகிறது என்றால் அது விற்க ஒப்புக்கொண்ட உடன்படிக்கை என்று 4-ஆவது பிரிவிலேயே பிரித்துவைத்திருக்கிறது. கிடங்கில் தீப்பிடித்தால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி வரும்போது, 'வீ ஹேவ் பாட்' என்று எழுதினீர்களா, 'வீ ஹேவ் அக்ரீடு டு பை' என்று எழுதினீர்களா என்று உங்கள் கடிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

எது பணத்தைத் தின்னும், எது தின்னாது

'வீ ஆர் ஹேவிங் 200 பேக்ஸ்' என்று எழுதக் கூடாது, 'வீ ஹேவ் 200 பேக்ஸ்' என்றுதான் எழுத வேண்டும் என்று ஆங்கில மீடியத்தில் படிக்கிற பேரப்பிள்ளைகள் நம்மைத் திருத்துகிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் உஞ்சாக்காரரும் இந்தூர்க்காரரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், படிக்கிறவருக்கு விளங்குகிறது, ஒரு பைசா நஷ்டமில்லை. இதற்கு வெட்கப்பட்டு எழுதாமல் இருக்க வேண்டாம்.

ஆனால் அந்த 'ஆர்' போட்டு 'இங்' சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் ஆளைக் கவிழ்த்துவிடும். ஞாயிறு விடுமுறை என்பதைச் சொல்ல 'வீ ஆர் க்ளோசிங் தி ஷாப்' என்று பார்ட்டிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினால், கடையையே மூடப்போகிறார் என்று கடன் கொடுத்தவர்கள் திங்கட்கிழமை காலையில் வாசலில் நிற்பார்கள். வழக்கமாக நடப்பதற்கு வெறும் நிகழ்காலம்: "வீ க்ளோஸ் ஆன் சண்டேஸ்." லாரி தினமும் இரவு ஒன்பதுக்குப் புறப்படுகிறது என்றால் "தி லாரி லீவ்ஸ் அட் நைன்", இப்போது புறப்பட்டுக்கொண்டிருக்கிறது என்றால் "தி லாரி இஸ் லீவிங்". ஒன்றே ஒன்று என்றால் லீவ் என்பதோடு ஒரு ஸ் சேரும். அதை விட்டுவிட்டாலும் பணம் போகாது.

'இஃப்' வருகிற வாக்கியத்தையும் பார்த்துவிடுவோம். 'விலை இறங்கினால் 100 மூட்டை எடுப்போம்' என்பதில் 'இறங்கினால்' என்பது இறந்தகாலம் போலத் தெரிகிறது. அதை அப்படியே 'இஃப் தி ரேட் கேம் டவுன்' என்று எழுதினால், இறங்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு பேச்சுக்குச் சொல்கிறோம் என்று ஆங்கிலம் நன்கு அறிந்தவர் எடுத்துக்கொள்வார். மெய்யாகவே வாங்க நினைத்தால் இஃப் பக்கம் நிகழ்காலம், மறுபக்கம் வில்: "இஃப் தி ரேட் கம்ஸ் டவுன், வீ வில் டேக் 100 பேக்ஸ்." இரண்டு பக்கமும் வில் போட வேண்டாம்.

இப்போது ஒரு முழுச் செய்தி. மில்லுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: "வீ ஹேவ் ரிசீவ்டு யுவர் இன்வாய்ஸ். தி லாரி ரீச்டு ஆன் தி சிக்ஸ்த். வீ கவுண்டட் 98 பேக்ஸ். டூ பேக்ஸ் ஹேவ் நாட் கம் எட். வீ வில் பே ஃபார் 98 பேக்ஸ் ஆன் மண்டே. இஃப் யூ செண்டு தி டூ பேக்ஸ், வீ வில் பே தி பேலன்ஸ்." ஆறு வாக்கியம், எதுவும் பதினொரு சொல்லைத் தாண்டவில்லை. தேதி சொல்லாத இடத்தில் ஹேவ், தேதி சொன்ன இடத்தில் வெறும் இறந்தகாலம், வருவதற்கு வில். எண்ணிப் பார்த்தது லாரி வந்த அன்றைக்கே என்பதால் அதற்கும் ஹேவ் போடவில்லை. நீளமாக எழுதினால்தான் ஆங்கிலம் என்று நினைக்கிறவர்கள் கோர்த்துக் கோர்த்து எழுதி எங்கேயாவது சிக்கிக்கொள்கிறார்கள்.

கடை மூடிய பிறகு செய்து பார்க்க நான்கு வாக்கியங்கள் தருகிறோம். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கீழே பாருங்கள்.

நேற்று 20 மூட்டை விற்றோம். உங்கள் பணம் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை சரக்கு அனுப்புகிறோம். போன மாதம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது.

முதலாவது: "வீ சோல்டு 20 பேக்ஸ் எஸ்டர்டே", தேதி இருக்கிறது, ஹேவ் கிடையாது. இரண்டாவது: "யுவர் பேமெண்ட் ஹேஸ் நாட் கம் எட்." மூன்றாவது: "வீ வில் செண்டு தி குட்ஸ் ஆன் தர்ஸ்டே." வில் போட்டீர்களா, கடைசி எழுத்து டாக்டரா டிக்கெட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது கொஞ்சம் கடினம். 'போன மாதம்' என்பது எழுதியதைச் சேர்ந்தது, பதில் வந்ததைச் சேர்ந்ததல்ல. அதனால் எழுதியதற்கு இறந்தகாலம், வந்ததற்கு ஹேவ்: "வீ ஹேவ் ரிசீவ்டு எ ரிப்ளை டு தி லெட்டர் வீ ரோட் லாஸ்ட் மன்த்."